மூக்குத்தியைக் கழற்ற வேண்டாம், மாஸ்க்கை மாற்றிப் பார்க்கலாம்

கேள்வி:

எனக்கு 57 வயது. நீடாமங்கலத்துக்கு அருகே கிராமம். அங்கன்வாடியில் வேலை. குறட்டை பல வருடங்களாக உண்டு. காலையில் எழுந்தால் தலை கனக்கும், பகலெல்லாம் தூக்கம் தள்ளும். மன்னார்குடி போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் தூங்கிப்போய் இரண்டு முறை எங்கள் ஊரைத் தாண்டி இறங்கியிருக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை சாப்பிடுகிறேன். ஓர் இரவு ஒயர்களை ஒட்டித் தூக்கப் பரிசோதனை செய்துவிட்டு, ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி அடைத்து நிற்கிற நோய், அதன் அளவு ஏஹெச்ஐ 38 என்றார்கள். 45,000 ரூபாய் கொடுத்து, மாஸ்க் வழியாகக் காற்றை ஊதுகிற சிபாப் மெஷின் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. மூக்கை மட்டும் மூடுகிற மாஸ்க். போட்டதும் மூச்சு முட்டுகிறது. எப்படியோ தூங்கினாலும் ஒரு மணி, ஒன்றரை மணிக்குக் கழற்றிப் போட்டுவிடுகிறேன். கழற்றியதே நினைவில்லை, காலையில் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எழுந்தால் வலது கண் எரிகிறது, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. மாஸ்க் மூக்குத்தியில் இடிக்கிறது. மெஷின் மாட்டிக் கொடுக்க வந்த தம்பி மூக்குத்தியைக் கழற்றிவிடச் சொன்னார். என் அம்மா குத்திவிட்டது. நாற்பது வருடமாகக் கழற்றியதில்லை. "ஆக்சிஜன் வைக்கிற அளவுக்கு வந்துட்டியா" என்று ஓரகத்தி கேட்கிறார். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று வீட்டுக்காரர் தூங்காமல் காவல் இருக்கிறார். எனக்கு மன உறுதி போதவில்லை என்கிறார்கள். இதற்கு மாத்திரை, பிராணாயாமம் ஏதாவது உண்டா? இல்லை, ஆயுசுக்கும் இதோடுதானா?

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் நான் முதலில் அடிக்கோடு போட்டது 'வலது கண்' என்ற இடத்தில். மூக்குத்தி எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. வலது பக்கமாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு தோலில் படியாமல் மூக்குத்தி மேல் ஏறி நிற்கிறது. அந்த இடுக்கு வழியாகக் காற்று மூக்கோரமாக மேலே ஏறி, கண்ணில் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஃபேன் காற்றில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தால் எப்படி எரியும், அதே எரிச்சல்தான்.

வறண்ட வாய் இன்னொரு கசிவைச் சொல்கிறது. மூக்கு வழியாக மெஷின் தரும் காற்று, தூக்கத்தில் வாய் திறந்ததும் அந்த வழியாக வெளியே ஓடிவிடுகிறது. ஆக மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு ஓட்டை. மெஷின் சும்மா இருக்காது. அழுத்தம் இறங்குகிறதே என்று இன்னும் வேகமாக ஊதும். ஊத ஊத 'புஸ்' சத்தம் கூடும், முகத்தில் குளிர்ச்சி கூடும்.

இதெல்லாம் ஏன் சரியாக ஒரு மணிக்கு நடக்கிறது? கனவு வரும் தூக்கம் பெரும்பாலும் இரவின் பின்பாதியில்தான் நீளமாக வரும். அந்த நேரத்தில் தொண்டைத் தசைகள் முன்னைவிடத் தளர்ந்து போகும், மூச்சு அடைப்பும் கூடும். உங்கள் மெஷின் தானாக அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வகையாக இருந்தால், அப்போது அழுத்தத்தை ஏற்றும். பதினொரு மணிக்குக் கசியாத மாஸ்க் ஒரு மணிக்குக் கசிவது இதனால்தான். பாதி விழிப்பில் கை போய் பிடுங்கிப் போட்டுவிடுகிறது. கொசு கடித்தால் தூக்கத்திலேயே அடிக்கிறோமே, காலையில் நினைவா இருக்கிறது? இதில் மன உறுதி எங்கே வந்தது என்று எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு அப்படிச் சொன்னவர்களை ஒரே ஒரு இரவு இதைப் போட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

நான் படுத்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில், நோயாளிகளுக்கு எழுதிக் கொடுப்பதை நாமும் பார்த்துவிடுவோமே என்று ஒரு மெஷினை வீட்டுக்கு எடுத்துப்போனேன். இரண்டரை மணிக்குப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். அப்போது எனக்கு அடர்த்தியாக மீசை இருந்தது. மீசைக்காரர்களுக்கு மாஸ்க் கசியும் என்று புத்தகத்தில் படித்ததுதான். அன்றைக்குத்தான் புரிந்தது.

இப்போது மூக்குத்திக்கு வருவோம். மூக்கை மட்டும் மூடுகிற நேசல் மாஸ்க்கில் அளவுகள் உண்டு, சிறியது, நடுத்தரம், பெரியது என்று. உங்களுக்குக் கொடுத்திருப்பது கொஞ்சம் குறுகலானது, அதனால் விளிம்பு நேராக மூக்குத்தி மேல் விழுகிறது என்பது என் ஊகம். ஓர் அளவு அகலமாகவோ, வேறு வடிவமாகவோ எடுத்தால் விளிம்பு மூக்குத்தியைத் தாண்டிக் கன்னத்தில் போய் உட்காரும். மூக்குத்தி மாஸ்க்குக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டும். சிலிக்கானுக்குப் பதில் மெத்தென்ற ஃபோம் விளிம்பு வைத்த மாஸ்க்குகளும் வருகின்றன. மேடு பள்ளத்தோடு அவை கொஞ்சம் அனுசரித்துப் போகும். ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மூக்குத் துவாரத்தில் செருகுகிற பில்லோ மாஸ்க் பார்க்கச் சின்னதாக, அழகாக இருக்கும். யாராவது அதைப் பரிந்துரைக்கக்கூடும். மூக்குத்தியின் திருகு உள்பக்கம் அதில் உரசும். புண்ணாகும், மாஸ்க்கும் கிழியும்.

உங்களுடையது பெரிய கல் வைத்தது என்றால், இரவுக்கு மட்டும் தட்டையான ஒற்றைக்கல் போட்டுக்கொள்ளலாம். அதற்கும் மனம் ஒப்பவில்லையா, விட்டுவிடுங்கள், நான் வற்புறுத்த மாட்டேன். நாற்பது வருடமாக முகத்தோடு இருப்பதைக் கழற்றச் சொல்வதைவிட நான்கு மாஸ்க் மாற்றிப் பார்ப்பது சுலபம். மெஷின் விற்றவரிடம், வேறு அளவுகளைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்கும்போது ஒரு நிபந்தனை வையுங்கள்: படுத்துக்கொண்டுதான் பார்ப்பேன், மெஷின் ஓட வேண்டும், என் இரவு அழுத்தத்தில் ஓட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது கச்சிதமாக இருக்கிற மாஸ்க், படுத்ததும் கன்னச் சதை பக்கவாட்டில் சரியும்போது கசியும். பட்டைகளை வீட்டில் சரிசெய்வதும் படுத்த நிலையில்தான்.

கசிகிறதே என்று பட்டையை இறுக்காதீர்கள். இது நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்கிற தவறு என்று சொல்லத் தோன்றுகிறது, எண்ணிப் பார்த்ததில்லை. மாஸ்க்கின் விளிம்பு இரண்டு மடிப்பாக இருக்கும். தோலில் படுகிற மெல்லிய மடிப்பு காற்றில் கொஞ்சம் உப்பித்தான் ஒட்டும். இறுக்கினால் அது நசுங்கி, சுருக்கம் விழுந்து, இன்னும் கசியும். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே இரண்டு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். காலையில் மூக்குத் தண்டில் சிவந்த தழும்பு அரை மணி நேரத்துக்குமேல் நின்றால், இறுக்கம் அதிகம் என்று பொருள். கசிந்தால் முதலில் மாஸ்க்கை முகத்திலிருந்து ஓர் அங்குலம் இழுத்துத் தூக்கி, காற்று நிரம்பவிட்டு, மெதுவாக மறுபடி வையுங்கள். பாதிக் கசிவு அதிலேயே போய்விடும்.

அப்புறம் மஞ்சள், எண்ணெய், கொண்டை. நம் ஊர்ப் பெண்களுக்கு இந்த மூன்றையும் சொல்லாமல் மாஸ்க் போடச் சொல்லித் தருவது வீண். மஞ்சள் பூசிக் குளித்த முகத்திலும், தேங்காய் எண்ணெய் வழிகிற நெற்றியிலும் சிலிக்கான் வழுக்கும்; நாளடைவில் விளிம்பு பிசுபிசுத்துத் தளர்ந்தும் போகும். படுக்கப் போகும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவித் துடைத்துவிடுங்கள். கிரீம் பூசுகிற வழக்கம் இருந்தால் காலைக்கு மாற்றுங்கள். கொண்டையோடு படுத்தால் பின்பட்டை அதன்மேல் ஏறி, ராத்திரியில் மேலே நழுவும். முன்னால் மாஸ்க் சாய்ந்துவிடும். தளர்வாகப் பின்னல் போட்டு, பின்பட்டை பின்னலுக்கு அடியில், பிடரிக்கு மேலே வருகிற மாதிரி வையுங்கள். காலையில் மாஸ்க்கைக் குழந்தைகள் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் போதும். வெயிலில் கொடியில் மாட்டிவிடாதீர்கள்.

வாயைப் பற்றி. வாய் திறப்பதற்கு முதல் காரணம் மூக்கு அடைத்திருப்பது. படுக்கும் முன் உப்புநீர் ஸ்ப்ரே அடித்து மூக்கைச் சுத்தம் செய்து பாருங்கள். ஒவ்வாமை இருந்தால் உங்கள் மருத்துவர் எழுதித் தரும் மூக்கு ஸ்ப்ரே நன்றாக உதவும். மெடிக்கலில் நீங்களாகவே வாங்கும், அடித்த உடனே மூக்கைத் திறக்கிற சொட்டு மருந்தைத் தொடர்ந்து ஐந்து நாளுக்குமேல் போடாதீர்கள். நிறுத்தினால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். மூக்கு திறந்திருந்தும் வாய் காய்ந்தால், வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க் இருக்கிறது. அதன் விளிம்பு மூக்குத்தியை விட்டுத் தள்ளியே போகும் என்பதால் உங்கள் இரண்டு தொல்லைக்கும் அது ஒரே மருந்தாக அமையலாம். ஆனாலும் நான் அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். முகத்தில் அதிக இடத்தைப் பிடிக்கும். மூச்சு முட்டுகிறது என்பவருக்கு ஆரம்பத்திலேயே அதைக் கொடுத்தால் இன்னும் மிரள்வார்.

அந்த மூச்சுமுட்டலுக்கு ஒரு பழக்கம் சொல்கிறேன். இரவில் அல்ல, பகலில். நாளைக்கு முருங்கைக்கீரை உருவ உட்காரும்போது மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ் சுமார் 1.8 மீட்டர் நீளம் இருக்கும், தாராளமாக எட்டும். முதல் நாள் பட்டை போடவே வேண்டாம். மெஷினை ஓடவிட்டு, மாஸ்க்கை ஒரு கையால் மூக்கில் ஐந்து நிமிடம் பிடித்திருங்கள். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்று கைக்குத் தெரிந்தால் மனம் பதறாது. வாயை மூடி, மூக்கால் மட்டும் இழுத்து விடுங்கள். வாயைத் திறந்தால் காற்று கொட்டும், பேச்சு வராது, திக்கென்று இருக்கும். அதையும் ஒருமுறை வேண்டுமென்றே செய்து பாருங்கள், பயம் தெளியும். மறுநாள் பட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் கீரையை உருவுங்கள். ஒரு கட்டுக் கீரை முடிவதற்கு இருபது நிமிடம் ஆகுமா? அந்த இருபது நிமிடமும் மாஸ்க்கை நினைக்காமல் ஓடியிருக்கும். இது பழகியபின் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பின் போடுகிற குட்டித் தூக்கம். அப்புறம்தான் ராத்திரி. ஒரு வாரம் பிடிக்கும், பத்து நாள்கூட ஆகலாம். கூடவே இரவிலும் முடிந்த மட்டும் போடுங்கள், நிறுத்திவிட வேண்டாம்.

மெஷினில் ராம்ப் என்று ஒரு வசதி இருக்கும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, நீங்கள் தூங்குகிற நேரத்துக்குள் மெல்ல ஏற்றும். மூச்சை வெளியே விடும்போது அழுத்தத்தைச் சற்றுத் தணிக்கிற வசதியும் பல மெஷின்களில் உண்டு. இரண்டும் முடுக்கிவிடப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள். சிலருக்கு ஆரம்ப அழுத்தம் மிகக் குறைவாக இருப்பதே மூச்சுமுட்டலாகத் தெரியும். அவர்களுக்கு 4 என்பதை 6 ஆக்கினால் நிம்மதி. இதை நீங்களாக மாற்றாமல் மருத்துவரைக் கேட்டு மாற்றுங்கள்.

இந்த எண்கள் என்ன என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அலகு, சென்டிமீட்டர் தண்ணீர். ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்து, அதில் ஸ்ட்ராவைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதுங்கள். முதல் குமிழி கிளம்ப எவ்வளவு ஊத வேண்டியிருக்கிறதோ அதுதான் அழுத்தம் 10. பேரப்பிள்ளைகள் இளநீரில் விளையாட்டாக ஊதுகிற அளவு. நெஞ்சை வெடிக்க வைக்கிற வேகமெல்லாம் இல்லை.

உங்கள் ஓரகத்திக்கும் பதில் சொல்லிவிடலாம். இதில் ஆக்சிஜன் சிலிண்டரும் இல்லை, வென்டிலேட்டரும் இல்லை. உங்கள் அறையில் இருக்கிற அதே காற்றை உறிஞ்சி, வடிகட்டி, ஊதுகிறது. உங்கள் வீட்டுக்காரர் விவசாயி என்றால் ஒரு வரியில் புரிந்துகொள்வார். வாய்க்காலில் தண்ணீர் தாழ்ந்து கிடக்கும்போது ஆயில் இன்ஜின் வைத்து வயலுக்கு இறைப்போம் இல்லையா? வாய்க்காலில் கிடக்கிற உறிஞ்சும் பக்கத்துக்குக் கெட்டியான, வளையம் வைத்த ஹோஸ்தான் போட வேண்டும். மெல்லிய ஹோஸைப் போட்டால் இன்ஜின் இழுக்கிற இழுப்பில் அது தட்டையாக ஒட்டிக்கொள்ளும், ஒரு சொட்டு வராது. அதே மெல்லிய ஹோஸை வயல் பக்கம் போட்டால், தண்ணீர் தள்ளுகிற அழுத்தத்தில் பாம்பு மாதிரி உப்பி நிற்கும். விழித்திருக்கும்போது உங்கள் தொண்டைத் தசைகள்தான் அந்த வளையம். தூங்கியதும் அவை தளர்கின்றன; நெஞ்சு காற்றை இழுக்கும்போது தொண்டை தட்டையாக ஒட்டிக்கொள்கிறது. மெஷின் வெளியிலிருந்து தள்ளி, அதை உப்பிய ஹோஸாக வைத்திருக்கிறது. மூச்சு விடுவது நீங்கள்தான்.

ஏஹெச்ஐ 38 என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 38 முறை மூச்சு நின்றோ வெகுவாகக் குறைந்தோ போகிறது, ஒவ்வொரு முறையும் குறைந்தது பத்து விநாடி. ஏழு மணி நேரத் தூக்கத்தில் 266 முறை. 30-க்கு மேல் தீவிர வகை. காலைத் தலைவலி, அடங்காத ரத்த அழுத்தம், பஸ் தூக்கம் எல்லாவற்றுக்கும் வேர் இங்கே இருக்கலாம். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. ஆனாலும் எங்களிடம் வரும் பெண்கள் குறைவு. குறட்டை ஆணுக்கு வீட்டுச் சிரிப்பு, பெண்ணுக்கு வெட்கக்கேடு என்று வைத்திருக்கிறோம். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் வரிசையாகப் படுக்கிற இரவில் விடிய விடியக் கண்விழித்து உட்கார்ந்திருந்ததாகச் சொன்ன அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். தைராய்டு பரிசோதனை செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் செய்துவிடுங்கள், அது குறைந்திருந்தாலும் இந்த நோய் கூடும்.

கரண்ட் விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரரை முதலில் தூங்கச் சொல்லுங்கள். மெஷின் நின்றால் மூச்சு நிற்காது. நேசல் மாஸ்க்கில் காற்றோட்டம் நின்றதும் வாய் திறந்துகொள்ளும், பெரும்பாலோர் விழித்தும்விடுவார்கள். ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில் அழுத்தம் போனதும் தானாகத் திறக்கிற ஒரு வால்வு இருக்கிறது. மாஸ்க்கின் முன்னால் இருக்கும் சின்னத் துளைகள் நீங்கள் விடும் மூச்சு வெளியேறுவதற்கானவை. கசிவு என்று நினைத்து அவற்றில் டேப் ஒட்டிவிடாதீர்கள். ஒட்டி எடுத்துவந்த ஒருவரைப் பார்த்ததால் சொல்கிறேன்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கவலையே இல்லை. காற்றை ஈரமாக்கத் தண்ணீரைச் சூடாக்குகிற பகுதியை அணைத்துவிட்டால் மெஷின் 50 வாட்டுக்குள்தான் இழுக்கும். சாதாரண சீலிங் ஃபேன் இதைவிட அதிகம். நல்ல நிலையில் உள்ள 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு ஃபேனையும் மெஷினையும் ஓர் இரவு தாங்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதற்கு அப்புறம் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, உங்களுக்கே நினைவிருக்கும். அப்படி ஒரு நிலை வந்தால் தலைமாட்டை உயர்த்தி, ஒருக்களித்துப் படுங்கள். முதுகுப்பக்கம் ஒரு தலையணையை அணை கொடுத்துக்கொண்டால் புரண்டு மல்லாக்கப் படுக்க மாட்டீர்கள். சில இரவுகள் மெஷின் இல்லாமல் போனால் பழைய குறட்டையும் பழைய தூக்கக்கலக்கமும் திரும்பும். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தண்ணீர்த் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நம் பக்கத்து போர் தண்ணீரை, அதிலும் கடலோரத்து உப்புத் தண்ணீரை ஊற்றினால் சில வாரத்தில் தொட்டியில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். கொதிக்கவைத்தாலும் உப்பு போகாது. கிடைக்காத இரவில் தண்ணீர் இல்லாமலே ஓட்டுங்கள். மிச்சத் தண்ணீரைக் காலையில் கொட்டிவிட வேண்டும். மார்கழிக் குளிரில் ஹோஸுக்குள் வியர்த்து, தண்ணீர் கோத்துக்கொண்டு, களகளவென்று முகத்தில் தெறிக்கும், பயப்படாதீர்கள். ஈரப்பத அளவை ஒன்றிரண்டு புள்ளி குறைத்து, ஹோஸைப் போர்வைக்குள் விட்டு, மெஷினைப் படுக்கை மட்டத்துக்குக் கீழே ஒரு முக்காலியில் வையுங்கள். கொசுவலைக்கு உள்ளே மெஷின் வேண்டாம், ஹோஸ் மட்டும் உள்ளே வந்தால் போதும். கொசுவர்த்தியையும் சாம்பிராணியையும் அதன் பக்கத்தில் வைத்தால் புகையை நேராக மூக்குக்கு அனுப்பிவிடும். தை, மாசியில் சம்பா அறுவடை மெஷின்கள் ஓடும்போது ஃபில்டரை வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கறுத்திருந்தால் மாதக்கணக்கைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

வயிறு உப்பி ஏப்பம் ஏப்பமாக வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள் என்று பொருள். அழுத்தத்தைத் திருத்தலாம், உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாத்திரை கேட்டிருந்தீர்கள். தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள். அவற்றில் சில தொண்டையை மேலும் தளர்த்திவிடும், விழிப்பு வருவதையும் தாமதப்படுத்தும். உடல் பருமனோடு இந்த நோய் உள்ளவர்களுக்கு டிர்செபடைட் என்ற எடைக் குறைப்பு ஊசியை 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள். உங்கள் எடையை எழுதவில்லை என்பதால் அது பொருந்துமா என்று சொல்ல முடியாது. ஊசி இல்லாமலும், எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மூச்சு அடைப்பு ஏறத்தாழ கால் பங்கு குறையும்.

பிராணாயாமத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2006-இல் சுவிட்சர்லாந்தில் 25 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜெரிடூ என்ற நீண்ட ஊதுகுழலை நான்கு மாதம் பயிற்சி செய்தவர்களுக்கு மூச்சு அடைப்பு குறைந்திருந்தது. நாதஸ்வரத்துக்குப் பேர்போன நரசிங்கம்பேட்டையைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஆய்வு நினைவுக்கு வரும். ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் நடுத்தர வகையினர், அவர்களுக்கும் குறைந்ததே தவிர முழுக்கப் போகவில்லை. உங்கள் 38-க்கு பிராணாயாமம் துணைக்கு இருக்கட்டும், மெஷினுக்குப் பதிலாக வேண்டாம்.

ஆயுசுக்குமா என்றால், பெரும்பாலானவர்களுக்கு நீண்ட காலம், ஆமாம். மூக்குக்கண்ணாடியைப் போல, போட்டிருக்கும்போது வேலை செய்யும். எடை நன்றாகக் குறைந்தால் மறுபடி பரிசோதித்து விட்டுவிட்டவர்களும் இருக்கிறார்கள். 1980-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி வைத்து, மாஸ்க்கை நோயாளியின் மூக்கில் பசை போட்டு ஒட்டித்தான் முதல் சிபாப்பை ஓட்டினார். அதற்கு முன்னால் தீவிர நோய்க்கு இருந்த நிச்சயமான வழி, கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பது. உங்கள் மூக்குத்திப் பிரச்சினையைக் கேட்டிருந்தால் சல்லிவன் சிரித்திருப்பார்.

மெஷினுக்குள் ஒரு மெமரி கார்டு இருக்கும், அல்லது போனில் ஆப் இருக்கும். எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எவ்வளவு கசிந்தது, மூச்சு எத்தனை முறை நின்றது எல்லாம் அதில் பதிவாகிறது. புது மாஸ்க் வந்து இரண்டு வாரம் கழித்து உங்கள் மருத்துவரிடம் அதை எடுத்துப்போங்கள். இரவுக்கு நான்கு மணி நேரம் என்பதை முதல் இலக்காக வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் கூடுகிற ஒவ்வொரு மணியும் லாபம். ஒரு மணிக்குக் கழன்று கிடப்பது தெரிந்தால் மறுபடி மாட்டுங்கள். இருபது நிமிடமாகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுங்கள். வீட்டுக்காரர் விழித்திருந்துதான் ஆவேன் என்றால் அந்த வேலையை அவரிடம் கொடுத்துவிடுங்கள், உங்களைத் தொட்டு எழுப்பி மாஸ்க்கை மாட்டிக்கொள்ளச் சொல்வது.

பகல் தூக்கம் தெளியும் வரை ஸ்கூட்டி ஓட்டுகிற வழக்கம் இருந்தால் சாவியைக் கொடுத்துவிடுங்கள். பஸ்ஸில் ஏறியதும் உங்கள் ஊர் வந்தால் எழுப்பச் சொல்லிக் கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.